மண்வெட்டிக்கு ஒரு இலை

என் தங்கையின் கணவர் காலையில் நடக்கப் போகும்போது தோளில் ஒரு மண்வெட்டியை வைத்துக்கொண்டு போவார். அந்த நடையில் அதைக் கொண்டு ஒரு பிடி மண்கூட வெட்டியதில்லை. குருவிநத்தத்தில் அவர்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஆற்றங்கரை மேட்டில் ஏறி, கரை வளையும் இடம்வரை வேகமாகப் போவார். அதே வேகத்தில் திரும்பி வந்து, மண்வெட்டியை மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டு முகம் கழுவுவார். இதய டாக்டர் நடக்கச் சொன்னார், அதனால் நடந்தார். வெறுங்கையோடு நடந்தால் ஊர் கேள்வி கேட்கும், அதற்காக மண்வெட்டி.

அந்த மண்வெட்டியின் உண்மையை ஊருக்குச் சொன்னவன் நான். சிரிக்க வைத்தவனும் நான்தான். அவர் நடப்பதை நிறுத்தியது அதற்குப் பிறகு. இப்போது அவர் இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே வயது. பாகூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். முதல் சிகரெட்டைப் பாதி பாதியாகக் குடித்ததும் ஒன்றாகத்தான், ஏரி மதகுக்குப் பின்னால். நான் படித்துப் பொறியாளராகி, ஏரியும் வாய்க்காலும் பார்க்கும் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். அவர் படிப்பைப் பாதியில் விட்டு அப்பாவின் கரும்பையும் நெல்லையும் பார்த்துக்கொண்டார். என் தங்கையைக் கட்டிய பிறகு அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மாப்பிள்ளை. வா போ என்ற பேச்சு மாறவில்லை. எங்கள் பக்கத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கேலி செய்தாலும் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். வேறு யாராவது சொன்னால் கைகலப்பாகிற வார்த்தையை மச்சான் சொன்னால் கூட்டம் சிரிக்கும். இந்த உரிமையைத்தான் நான் பயன்படுத்தினேன்.

ஒரு நாள் கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போது அவருக்கு நெஞ்சை அழுத்தியது. வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். சட்டை முழுக்க வியர்வையோடு வரப்பில் உட்கார்ந்தவரைப் பார்த்துத் தங்கை எனக்கு போன் செய்தாள். என் காரில்தான் டவுனுக்குக் கொண்டுபோனேன். ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் அவரை உட்கார வைத்துப் பேசினார். சின்ன வயதுப் பெண். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"ஸ்டென்ட் வச்சாச்சு, நோய் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. அடைப்பு எதனால வந்துச்சோ அதெல்லாம் உங்க வீட்டுலதான் இருக்கு. சிகரெட் இனிமே ஒண்ணுகூடக் கிடையாது. குடியும் வேணாம். உப்பு, எண்ணெய், சோறு எல்லாத்தையும் குறைங்க. தினமும் நடங்க, மூச்சு கொஞ்சம் வாங்கற மாதிரி நடங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது."

"வயல்ல நாளு பூரா நடந்துகினுதானம்மா இருக்கேன்" என்றார் மாப்பிள்ளை.

"வயல்ல நின்னு ஆளுங்களை வேலை வாங்கறீங்க. அது நடை இல்லீங்க."

அவர் சிரித்துவிட்டார். உண்மை அதுதான். பிறகு டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார். "சார், நீங்களும் ஒரு தடவை செக் பண்ணிக்குங்க" என்றார்.

அந்த வாரமே யாருக்கும் சொல்லாமல் தனியாக அதே டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாமே அளவுக் கோட்டைத் தாண்டியிருந்தன. ஒரு குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளைக்குச் சொன்ன அதே வார்த்தைகளை அந்தப் பெண் எனக்கும் சொன்னார். மறுமாதம் வரச் சொன்னார். நான் போகவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை. மொட்டை மாடியில் சில நாள் நடந்து பார்த்தேன். சிகரெட்டைக் காலையில் விட்டேன், மதியச் சாப்பாடு முடிந்ததும் கை தானாகப் பெட்டியைத் தேடியது. சில நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், அதாவது விட முயன்றதை விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை விடவில்லை.

அவருக்கு அது எளிதாக வந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். உப்புக் குறைத்த குழம்பை முதல் நாள் வாயில் வைத்தவர், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டாராம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, அதே தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிட்டாராம். ஊறுகாயும் அப்பளமும் வீட்டை விட்டுப் போயின. சோறு பாதியாகி, கீரையும் காயும் தட்டில் இடம் பிடித்தன. காலையில் கேழ்வரகு, சாயங்காலம் ஒரு கைப்பிடி வேகவைத்த கொள்ளு. மீன் உண்டு, வறுவல் கிடையாது. கடற்கரைக் குப்பத்திலிருந்து கருவாட்டுக் கூடை கொண்டுவரும் அம்மா வாசலில் நின்று, "இன்னாம்மா, வாளக் கருவாடு வேணான்னு சொல்ற வூடா இது? ஊட்டுக்காரரு எங்கூடக் கோச்சிக்கினாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாளாம். சிகரெட் ஞாபகம் வந்தால் சட்டைப்பையிலிருந்து சீரகத்தை எடுத்து வாயில் போட்டு மெல்லுவார். பக்கத்தில் உட்கார்ந்தால் ரசம் வாசனை அடிக்கும்.

நடைதான் பெரிய சிக்கலாக இருந்தது. எங்கள் ஊர்களில் ஒரு மனிதன் வேகமாக நடந்தால் அதற்கு ஒரு காரியம் இருக்க வேண்டும். "இன்னா, காலங்காத்தால எங்க?" என்று எதிரில் வருகிற ஒவ்வொருவரும் நிறுத்துவார்கள். "சும்மா நடக்கறேன்" என்றால் நம்பமாட்டார்கள். வீட்டில் சண்டையா என்று பார்ப்பார்கள். பைக்கில் போகிறவர்கள் இன்னும் மோசம், அன்பானவர்கள். "ஏறுண்ணே, வுட்டுட்டுப் போறேன்" என்று வண்டியை நிறுத்துவார்கள். ஒரு நாள் மறுக்கச் சங்கடப்பட்டு ஏறி, போகவே வேண்டாத ஓர் இடத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். அதன் பிறகுதான் மண்வெட்டி. தோளில் மண்வெட்டி இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மடை திறக்கப் போகிறான் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நான் இருக்கும் பாகூருக்கு மொபெட்டில் வந்தார். ஏரிக்கரையில் நின்று பேசினோம்.

"மச்சான், நான் காலையில இங்க வந்துடறேன். ஏரிக்கரையில ரெண்டு பேரும் சேந்து நடக்கலாம். பேசிக்கினே நடந்தா ஒருத்தனும் இன்னான்னு கேக்கமாட்டான்."

"எனுக்கு இன்னா நோவு? இந்தக் கரைய நான் வேலையில இருக்கும்போது நடந்தது போதாதா?"

"அதெல்லாம் சேத்து வைக்க முடியாதாமே. அன்னன்னிக்கி நடக்கணுமாம், டாக்டரம்மா சொன்னாங்க."

"உனுக்கு ஸ்டென்ட் வச்சா ஊருக்கே வைக்கணுமா மாப்ள? நீ நட. உன் மம்பட்டிய வேணுன்னா கூடக் கூட்டிக்கினு நட."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னும் ஏதோ சொல்ல வருகிறவர் போல இருந்தது. சீரகத்தை வாயில் போட்டுக்கொண்டு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். துணைக்கு ஆள் தேடுகிறான், தனியாக நடக்க வெட்கப்படுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாதங்கள் போகப் போக அவர் மாறினார். இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. கரை மேட்டில் நிற்காமல் ஏறினார். "ராத்திரியில குறட்ட நின்னுபோச்சுண்ணா. சத்தமே இல்லன்னு பயந்துபோயி மூக்குல கை வச்சுப் பாத்தேன்" என்று தங்கை போனில் சொல்லிச் சிரித்தாள். நான் அப்போது இரண்டாவது சிகரெட்டைப் பற்ற வைத்திருந்தேன். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. படிப்பில் என்னை விடப் பின்னால் இருந்தவர், வேலையில், பேச்சில், எல்லாவற்றிலும் நான் முன்னால் போய்த் திரும்பிப் பார்க்கும் தூரத்தில் இருந்தவர், என்னால் முடியாத ஒன்றை என் கண்ணெதிரில் செய்துகொண்டிருந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சுக்குள் இருந்த அடைப்பு ஞாபகத்துக்கு வந்தது. அவர் தோற்றுவிட்டால் நான் தோற்றது பெரிதாகத் தெரியாது. இப்படி வார்த்தையாக அன்று நினைக்கவில்லை. ஆனால் நான் செய்ததெல்லாம் அந்த நினைப்பின்படிதான் செய்தேன்.

ஒரு நாள் விடியும் நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குருவிநத்தம் போனேன். ஆற்றங்கரையில் புளியமரத்தடியில் காத்திருந்தேன். தோளில் மண்வெட்டியோடு, கைகளை வீசி, காலில் கேன்வாஸ் ஷூவோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. போனில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். "மாப்பிள்ளை வயலுக்குப் போகிறார். வயல் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது" என்று எழுதினேன்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் குழு நிறைந்துவிட்டது. "மாமா ஆத்துல இன்னா பயிர் வச்சிருக்காரு?" "ஷூ போட்டு மட தொறக்கறவர இப்பதான் பாக்கறேன்." "பிரஷர் மாமாவுக்கா, மம்பட்டிக்கா?" சிரித்துக் கண்ணீர் விடும் முகங்கள் வரிசையாக வந்தன. அவர் பதில் எதுவும் போடவில்லை. மறுநாளிலிருந்து இன்னும் முன்னதாக, இருட்டிலேயே போகத் தொடங்கினார். மண்வெட்டியும் கூடவே போனது. அதாவது அவர் நிறுத்தவில்லை. எனக்கு அது ஆறவில்லை.

என் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. அபிஷேகப்பாக்கம் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே எங்கள் குலதெய்வக் கோயில் இருக்கிறது. கெடா வெட்டி அங்கேயே சமைத்து, மரத்தடியில் பந்தி போடுவோம். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்ணைக் கட்டியவருக்கு முதல் இலை. விருந்து வைக்கிறவன் தன் கையால் தலைக்கறியும் ஈரலும் அவர் இலையில் வைக்க வேண்டும். அவர் எடுத்து வாயில் வைத்த பிறகுதான் பந்தியில் மற்றவர்கள் கை வைப்பார்கள். அதுவரை எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்டென்ட் வைத்த பிறகு வந்த விசேஷங்களில் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கறியை விரலால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ம், ஆவட்டும்" என்பார். பந்தி சாப்பிடத் தொடங்கும். அவர் கொஞ்சம் சோறும் ரசமும் சாப்பிட்டு எழுந்துவிடுவார். யாரும் அதைத் தப்பாக எடுக்கவில்லை. காதுகுத்துக்கு வந்த அன்றும் தங்கை அவருக்காக ஒரு டிபன் பாக்ஸில் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

நான் தலைக்கறியையும் ஈரலையும் வைத்தேன். கொழுப்பு மிதக்கும் துண்டாகப் பார்த்துத்தான் வைத்தேன். அவர் விரலால் தொட்டார்.

"தொட்டா ஆச்சா மாப்ள? சாமிக்கு வெட்டுன கெடா."

"மச்சான், உனுக்குத் தெரியாததா."

"எனுக்கு இன்னா தெரியும்? என் வூட்டுச் சோத்துல வெஷம் வச்சிருக்கேன்னு இத்தன பேரு முன்னாடி காட்டற. அதுதான் எனுக்குத் தெரியுது."

"அப்புடிச் சொல்லாத."

"பின்ன எடுத்து வாயில வை."

பந்தியில் யாரோ, "மாமா, பசிக்குது மாமா. சீக்கிரம் ஒரு வாய் தின்னு எங்களக் காப்பாத்து" என்றான். இன்னொருவன், "சாமியாரா பூட்டாரு போல" என்றான். சிரிப்பு பந்தியின் கடைசிவரை போனது. குழம்பு வாளியோடு நின்ற தங்கை, "போதும்ண்ணா, வுடு" என்றாள்.

"நீ சும்மா இரு. மாமன் மச்சான் வெளையாட்டு இது."

அன்று காலையிலும் அவர் நடந்துவிட்டுத்தான் வந்திருந்தார். அபிஷேகப்பாக்கத்து வாய்க்கால் கரையில் நடந்திருக்கிறார். மண்வெட்டி மொபெட்டில் கட்டியிருந்தது. நானே போய் அவிழ்த்துக்கொண்டு வந்தேன். பந்தியில் அவர் பக்கத்தில் இருந்தவனை நகரச் சொல்லி, அந்த இடத்தில் மண்வெட்டியை மரத்தில் சாய்த்து நிறுத்தினேன்.

"மாப்ளயோட கூட்டாளி இவுரு. டெய்லி இவுரோடதான் வாக்கிங். கூட்டாளி பட்டினியா இருக்கும்போது அவரு எப்புடி சாப்டுவாரு? கூட்டாளிக்கு ஒரு எல போடுங்கப்பா."

இலை போட்டார்கள். விருந்தாளிக்குத் தெளிப்பது போல ஒருவன் தண்ணீர் தெளித்தான். சோறு, குழம்பு, கறி எல்லாம் வைத்தார்கள். போன்கள் உயர்ந்தன. நான் மண்வெட்டியின் முன் குனிந்து, கைகட்டி, "சார், உப்பு சரியா இருக்குங்களா?" என்று கேட்டேன். சமையல்காரர் முதல் பூசாரி வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் நான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அவ்வளவு சிரிப்பு கிடைத்ததில்லை.

அவர் ஈரலை எடுத்து வாயில் வைத்தார். பந்தி கைதட்டியது. பிறகு தலைக்கறியை எடுத்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் இலையை முழுதும் சாப்பிட்டார், எலும்பைக்கூட உறிஞ்சினார். அது முடிந்ததும் மண்வெட்டியின் இலையைத் தன் பக்கம் இழுத்து, அதையும் சாப்பிட்டார். அப்போது சிரிப்பு குறைந்துவிட்டது. தங்கை வாளியைக் கீழே வைத்துவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனாள்.

நான் அதோடும் விடவில்லை. பந்தி முடிந்ததும் ஆண்கள் குடிக்க உட்கார்ந்த இடத்துக்கு அவரைத் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனேன். ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். என் சிகரெட்டை நீட்டினேன். என் லைட்டரால் நானே பற்ற வைத்தேன். முதல் இழுப்பில் இருமினார். முதுகைத் தட்டி, "இப்பதான்டா எங்க மாப்ள" என்றேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. பள்ளிக்கூடத்து நாட்களின் அதே ஆள் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது.

மறுநாள் அவர் நடக்கப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மண்வெட்டி சாப்பிடுகிற வீடியோ எங்கள் வீட்டு வாட்ஸாப்பைத் தாண்டி ஊருக்குள் போய்விட்டது. டீக்கடையில், பால் சொசைட்டியில், உர மூட்டை வாங்கும் இடத்தில், "இன்னாண்ணே, மம்பட்டி சாப்ட்டுதா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வழியில் பார்த்தால் ஏதாவது கேட்க வேண்டும், அதற்கு ஒரு கேள்வியை நான் கொடுத்திருந்தேன். மண்வெட்டி இல்லாமலும் போக முடியவில்லை, எடுத்துக்கொண்டும் போக முடியவில்லை.

தங்கை போன் செய்தாள். "அவரு நடக்கப் போவலண்ணா. பீடிகூட வாங்கி வச்சிருக்காரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. நீதான் சிரிச்ச, நீ சொன்னா கேப்பாரு."

"நாலு நாள்ல தானா போவாரு, வுடு."

"வாண்ணா. எனுக்காவ வா."

"ஞாயித்துக்கெழம வரேன்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். கையில் ஒரு பாட்டிலோடு போனேன். வெறுங்கையோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கை பாட்டிலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நானும் அவரும் கொட்டகை ஓரம் உட்கார்ந்து அதை முடித்தோம். நடையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. அவர்தான், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "திருப்தியா மச்சான்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "உனுக்கு இன்னா கொற" என்றேன்.

அந்த வீட்டு வாசலில் கருவாட்டுக் கூடை மறுபடி இறங்கியது. பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. மாத்திரையை ஞாபகம் வந்த நாளில் போட்டார். கரும்பு வெட்டுக்கு வந்தபோது கரை மேட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்குவதை நானே பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு மதியம் டிராக்டர் டிரெய்லரின் நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெட்டுகிற ஆட்கள் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். கரும்புக் கட்டுகளை ஏற்ற வேண்டும், நகருங்கள் என்று தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. பாதி ஏற்றிய கரும்பை இறக்கிவிட்டு, அதே டிரெய்லரில் சாலைவரை கொண்டுவந்தார்கள். நான் காரோடு போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் முடிந்திருந்தது.

கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுபோவது அண்ணன் தம்பிகளின் வேலை. நான்தான் கொண்டுபோனேன். தங்கை அதை வாங்கிக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை, என் மீது விழுந்து அழவும் இல்லை.

கருமாதிக்கு முந்தின நாள் சாயங்காலம் படையல். இறந்தவருக்கு எது பிடிக்குமோ அதையெல்லாம் படத்தின் முன் இலையில் வைப்பது வழக்கம். உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கி வருவார்கள். நான் அவர் விரும்பிக் குடிக்கும் வகையில் ஒரு பாட்டிலும் ஒரு பெட்டி சிகரெட்டும் வாங்கிக்கொண்டு போனேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வழக்கம் என்றால் கை தானாகச் செய்கிறது.

இலையில் கேழ்வரகுக் களி இருந்தது. உப்பில்லாத கீரை, வேகவைத்த கொள்ளு. ஓரத்தில் கொஞ்சம் சீரகம். கறி இல்லை, கருவாடு இல்லை. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நான் பாட்டிலைப் படத்தின் முன் வைக்கக் குனிந்தேன். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத உங்கிட்டயே வச்சிக்கோண்ணா."

"அவனுக்குப் புடிச்சதும்மா."

"அவருக்கு இன்னா புடிச்சுதுன்னு எனுக்குத் தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று கவனமாகப் பேசினாள். "உனுக்கும் அடப்பு இருக்குதுன்னு அவருக்குத் தெரியும்ண்ணா. செக்கப்புக்குப் போனப்ப டாக்டரம்மா கேட்டாங்களாம், உங்க மச்சான் ஏன் திரும்பி வரல, அவர வரச் சொல்லுங்கன்னு. அதுக்குத்தான் ஏரிக்கரைக்கு வந்து உன்ன நடக்கக் கூப்ட்டாரு. நடந்தா நீயா சொல்லுவன்னு நெனச்சாரு."

நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கோயில்ல அத்தன பேரு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ இன்னா ஆயிருப்ப? வண்டியில வரும்போது நான் கேட்டேன், ஏன் சொல்லலன்னு. மச்சான் வெக்கப்படுவாருன்னாரு."

மணிக்கட்டை விட்டுவிட்டுச் சூடம் கொளுத்தப் போய்விட்டாள். நான் பாட்டிலைக் கொட்டகைப் பக்கம் கொண்டுபோனேன். அந்த மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. அதற்கு முன்னால் நிற்க முடியாமல் தெருவுக்கு வந்துவிட்டேன்.

கருமாதி முடிந்த வாரம் அந்த டாக்டரிடம் போனேன். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார். மாப்பிள்ளையையும் விசாரித்தார். சொன்னேன். "நல்லா வந்துக்கிட்டிருந்தாரே. என்ன ஆச்சு?" என்றார். சட்டைக் கையை மேலே சுருட்டி, ரத்த அழுத்தம் பார்க்க நீட்டினேன்.

இப்போது தினமும் பாகூர் ஏரிக்கரையில் நடக்கிறேன். மகன் வாங்கிக் கொடுத்த ஷூ. சிகரெட் போய்விட்டது, குடி போய்விட்டது. எது முடியவே முடியாது என்று நினைத்தேனோ அது ஒவ்வொன்றும் முடிந்தது. என் கையில் மண்வெட்டி இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. எதிரில் வருகிறவர்கள், "வாக்கிங்கா சார்?" என்று வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். ஓய்வு பெற்ற அதிகாரி காரியமில்லாமல் நடக்கலாம், அதை ஊர் மரியாதையாகவே பார்க்கிறது. கரும்பு வைத்திருந்தவர் நடந்ததுதான் வேடிக்கை. அந்த வேறுபாடு எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பு எந்தப் பக்கம் பாயும் என்று தெரிந்துதான் மடையைத் திறந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

போன முறை டாக்டர் என் முடிவுகளைப் பார்த்துப் பாராட்டினார். எல்லாம் கோட்டுக்குள் வந்துவிட்டதாம். இப்படியே போனால் நெடுநாள் இருப்பீர்கள் என்றார்.

வருஷத் திதிக்குக் குருவிநத்தம் போயிருந்தேன். சாமி கும்பிட்டு எல்லோரும் போன பிறகு தங்கை என்னை உட்காரச் சொன்னாள். எனக்கு ஓர் இலை போட்டாள். அதன் பக்கத்தில் இன்னோர் இலை போட்டாள். இரண்டிலும் ஒரே மாதிரி வைத்தாள். பாதிச் சோறு, கீரை, கொள்ளு, உப்புக் குறைத்த மீன் குழம்பு. எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"உப்பு சரியா இருக்குதாண்ணா?"

கோயிலில் நான் மண்வெட்டியிடம் குனிந்து கேட்ட கேள்வி. அவள் முகத்தில் கேலி இல்லை.

"இருக்குதும்மா."

"நல்லா சாப்டு. நீ நல்லா இருக்கணும்."

சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து இலையில் குழம்பு சோற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று அவர் செய்தது போல நானும் செய்வதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்து, அந்த இலையின் ஓரத்தைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன்.

அவள் கையை நீட்டி இலையின் மறு ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம், வுடு" என்றாள். "அது உனுக்கில்ல."